செய்மதிக்கு வந்த செத்தவீட்டுச் சோறு

மார்ச் 3, திங்கள்

வெயில். காலை ஏழு மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. ஐஸ் ஆலையில் பாதி வேலைதான். நாளை விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை வெளிக்கடலுக்குப் போகவேண்டாம் என்று துறைமுகத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அக்கரையில் ஒரு தனியார் கம்பனி ரொக்கெட் விடுகிறது, கழன்ற பாகங்கள் கடலில் விழுமாம். படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? இறக்கக்கண்டிப் படகுச் சம்மாட்டி போன் எடுத்தார். "தம்பி, உங்கட மனிசியின்ர ரொக்கெட்டால எங்களுக்கு ஒரு நாள் தொழில் போச்சு."

ரொக்கெட் மனிசியுடையது இல்லை, அதற்குள் இருக்கிற செய்மதிதான், அதிலும் ஒரு பங்குதான் என்று விளங்கப்படுத்தினேன். "எல்லாம் ஒண்டுதானே" என்று வைத்துவிட்டார்.

எனக்கே விளங்க வருடக்கணக்காயிற்று. செய்மதி ஒரு இறாத்தல் பாண் அளவு, ஒரு கையால் தூக்கலாம். மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்தது. மனிசி மெற்றில்டாவும் (இனி மெ.) கம்பஸில் அவளிடம் படித்த மூன்று பெட்டைகளும் செய்தது அதன் வாய். ரொக்கெட்டை விட்டுப் பிரிந்ததும் அது றேடியோவில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே உலகத்தைச் சுற்றவேண்டும். சொல்வது தட்டுகளால். நீளம், கட்டை, நீளம், நீளம். கொஞ்சம் ஓய்வு. பிறகு திரும்பவும். நாலு வருடமாக மெ. சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டித் தட்டி வீட்டில் எல்லோருக்கும் பாடம். மாமி, மெ.வின் தாய், குசினியில் அகப்பையால் தட்டுவாள்.

வாங்க: கறுப்பு ரேப், சீனி, மாமிக்கு மெழுகுதிரி ஒரு பெட்டி (அந்தோனியாருக்கு).

மெ. இன்று அலுமாரியை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினாள்.

மார்ச் 4, செவ்வாய்

விடிய முன் உப்புவெளிக் கடற்கரை. மெ., மாமி, மூன்று பெட்டைகள், நான். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஒரு படகு இல்லை. வடக்கே அடிவானத்தில் ஒரு வெளிச்சம் எழும்பியது. சத்தமே இல்லை. மேலே மேலே போய், வால் வெள்ளையாக விரிந்து, எங்களைத் தாண்டித் தெற்கே வளைந்தது. பெட்டைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மாமி செபமாலையை மூன்று தரம் முத்தமிட்டாள். நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன், ஏன் மறைப்பான்.

மெ. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். "வடிவாப் போகுது" என்றாள். அவ்வளவுதான்.

வீடு வர முன்பே கம்பனியின் அறிக்கை: வெற்றி. தேநீர் குடித்து முடிய எங்கள் அமைச்சின் அறிக்கை: மாபெரும் வெற்றி. அந்த 'மாபெரும்' எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கம்பஸில் வெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா கேசரி கொண்டு வந்தாள். பங்குச் சுவாமியார் போனில் ஆசீர்வாதம். மெ. எல்லோருக்கும் ஒரே பதில்: "நன்றி. இன்னும் கேக்கேல்ல."

பத்தரைக்குச் செய்மதி எங்கள் தலைக்கு மேலால் போகவேண்டும். மெ. வீட்டு மேல் தட்டில் அன்ரனாவுடன். பார்க்க மீன்முள் மாதிரி, அலுமினியக் கம்பி, கையால் திருப்பவேண்டும். காதில் ஹெட்போன். நான் குடை பிடித்தேன். பத்தரை வந்தது, போனது. ஒன்றும் இல்லை. பக்கத்து நசீர் நானாவின் வெல்டிங் கடையிலிருந்து சர்ர் சர்ர் என்று இரைச்சல் மட்டும். காதுக்கு அது அடுத்த வளவுச் சத்தம். றேடியோவுக்கோ தலைக்குள்ளேயே வெல்டிங் அடிப்பது போல. நானும் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், ஐயோ.

பின்னேரமும் இல்லை. மற்ற இரண்டு நாட்டுக்காரருக்கும் இல்லை.

மார்ச் 5, புதன்

பத்திரிகையில் முன்பக்கம். வெற்றி. படம் அமைச்சருடையது. மெ. பெயர் நாலாம் பக்கத்தில், அதுவும் மெட்டில்டா என்று.

இன்றைய கூத்தை ஒழுங்காக எழுதுகிறேன், பிறகு யாராவது கேட்டால் நான் கதை விடுகிறேன் என்பார்கள்.

காலை: வானத்தில் ஓடுகிறதை எல்லாம் கணக்கெடுக்கும் வெளிநாட்டு அலுவலகம் ஒன்று, ரொக்கெட்டின் கடைசிக் கட்டம் முன்னதாகவே அணைந்துவிட்டது, செய்மதி பாதைக்குப் போய்ச் சேரவில்லை, அனேகமாக விழுந்திருக்கும் என்றது.
பத்து மணிபோல: கம்பனி, அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் சரி.
மத்தியானம்: எங்கள் அமைச்சு, நிலைமையை அவதானிக்கிறோம்.
மூன்று மணி: அதே அமைச்சு, ரொக்கெட் வெற்றி, செய்மதி பாதையில் இருக்கிறது, ஆனால் உள்நாட்டில் செய்த ஒலிபரப்பும் பகுதி வேலை செய்யவில்லை, ஆகவே திட்டம் தோல்வி.

உள்நாட்டில் செய்த பகுதி. அதாவது மெ. அதாவது அந்த மூன்று பெட்டைகள். நேற்று மாபெரும் வெற்றி எல்லோருடையது, இன்று தோல்வி மட்டும் இந்த நாலு பெண்களுடையது. எனக்கு வந்த கோபத்துக்கு ஆலையில் ஒரு ஐஸ் கட்டியைக் காலால் உதைத்தேன். பெருவிரல் வீங்கியிருக்கிறது.

பெட்டைகளில் ஒருத்தி வந்து குசினி வாசலில் நின்று அழுதாள். "மிஸ், நான் ஒட்டின இடந்தான் விட்டிருக்கும். எனக்குத் தெரியும்."

மெ. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உமக்கு எப்பிடித் தெரியும்? விழுந்ததெண்டு சொல்லுறவன் விழுந்ததைப் பாக்கேல்ல. பழுதெண்டு சொல்லுறவன் திறந்து பாக்கேல்ல. நாங்களும் இன்னும் கேக்கேல்ல. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. இந்தாரும், உள்ளி உரியும்."

அவள் உள்ளி உரித்தாள். மெ. தன்பாட்டுக்கு விளங்கப்படுத்தினாள், நானும் கேட்டேன். கட்டம் முன்னதாக அணைந்தது உண்மையென்றால் செய்மதி விழவேண்டும் என்றில்லை, கொஞ்சம் தாழ ஓடலாம். தாழ ஓடுவது கெதியாகச் சுற்றும். எல்லோரும் கம்பனி கொடுத்த நேரத்துக்கு நிமிர்ந்து பார்க்கிறார்கள், அது அதற்கு முன்னமே போய்விட்டிருக்கும். கொழும்பு பஸ் நேரத்துக்கு முன் வெளிக்கிட்ட பிறகு ஸ்ராண்டில் நின்று பஸ்ஸே இல்லை என்று சொல்வதுபோல.

"அப்ப எத்தனை மணிக்கு?" என்றேன்.

"தெரியாது. எவ்வளவு தாழ எண்டு தெரியாதே. நாள் முழுக்கக் கேக்கவேணும்."

கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடம். இப்படி ஒரு பொம்பிளையோடா இருக்கிறேன் என்று இன்றைக்கும் இருந்தாற்போல் ஒரு திகைப்பு.

மார்ச் 6, வியாழன்

காற்று இல்லை. விரல் இன்னும் நோ.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் வாசலில் ஐந்தாறு சோடி செருப்பு. மாமிக்கு ஏதோ என்று ஓடினேன். மாமி முழுசாகக் கதிரையில் இருந்தாள், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேசை நிறையச் சட்டி. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், ரசம். எல்லாம் மரக்கறி. பூமணி அக்காவும் ஒழுங்கையில் இன்னும் நாலு பேரும் தாழ்ந்த குரலில்.

செத்தவீட்டுச் சோறு. இந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயல்தான் சமைத்துக் கொண்டு வரும். அமைச்சின் அறிக்கையை நேற்று ரீவியில் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நட்டத்துக்கு என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்ததைச் செய்துவிட்டார்கள்.

"நாலு வருசமா வளத்தது. சொந்தப் பிள்ளை மாதிரித்தானே" என்று பூமணி அக்கா கண்ணைத் துடைத்தாள். "அடுப்பு மூட்டியிருக்கமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும், அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா. சட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மெ. மேலிருந்து இறங்கி வந்தாள். தலைமயிர் எல்லாம் ஹெட்போனில் நசுங்கி. மேசையைப் பார்த்தாள். எல்லோரையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"அக்கா, காலையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்ல" என்று தட்டை எடுத்தாள். "நீங்களும் இருங்கோ. எல்லாரும் சாப்பிடுவம்."

சாப்பிட்டார்கள். செத்தவீட்டில் போலவே ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. மெ. இரண்டாம் தரமும் சோறு போட்டாள். போனபின், "ஏன் அவையளுக்குச் சொல்லேல்ல, இன்னும் சாகேல்ல எண்டு?" என்றேன்.

"சாகேல்ல எண்டு எனக்கும் தெரியாதே" என்றாள். "அதோட கத்தரிக்காய் நல்ல ருசி."

மாமிக்குத்தான் ஆறவில்லை. "உசிரோட இருக்கிற வீட்டுக்கு உந்தச் சோறு வந்தா தரித்திரம்" என்று மேலும் ஒரு மெழுகுதிரி.

மார்ச் 7, வெள்ளி

திட்டத்துக்குத் தலைமை தாங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். திங்கட்கிழமையோடு தேடுவதை நிறுத்துகிறார்களாம். முடிவு அறிக்கையில் காரணம்: ஒலிபரப்பும் பகுதி. மிகவும் மரியாதையான மின்னஞ்சல். ஆரம்பத்தில் 'அன்புள்ள', முடிவில் 'வருத்தத்துடன்'. நடுவில் கழுத்தறுப்பு.

அப்படி எழுதிவிட்டால் அந்தப் பெட்டைகளுக்கு இனி யார் இந்த வேலை கொடுப்பார்கள்? மெ.வுக்கு அதுதான் கவலை. தன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பகல் முழுக்க மேல் தட்டில். கேட்டதெல்லாம் வெல்டிங். நசீர் நானா இரண்டு நாளாகப் புல்மோட்டையில், ஏதோ கட்டிடத்துக்குக் கேற் பூட்டுகிறாராம். இங்கே அவருடைய ஆட்கள் ஒரு கலியாண மண்டபத்துக்கு யன்னல் கிராதி அடிக்கிறார்கள். அது நிற்கிற நேரம் பூமணி அக்காவின் தண்ணி மோட்டர். அது நின்றால் முன்கடையின் ஓடுகிற மின்விளக்கு எழுத்துப் பலகை. ஒவ்வொன்றும் றேடியோவில் ஒவ்வொரு விதமாகக் கத்துகிறது.

"போய் நிப்பாட்டச் சொல்லுறன்" என்று சாரத்தை மடித்துக் கட்டினேன்.

"வேண்டாம். கலியாணத்துக்கு நாள் குறிச்ச வேலை. என்ர காதுக்காக அந்தாளின்ர பிழைப்பைக் கெடுக்க ஏலாது."

"உம்மட நாலு வருசம்?"

"அது என்ர பாடு."

வேறு இடம் பார்த்தோம். ஐஸ் ஆலைக் கூரை: கொம்பிரசர் இரைச்சல், வெல்டிங்கை விட மோசம். பின்னேரம் வான் வண்டியில் அன்ரனாவை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். நாங்கள் கம்பியை வானத்துக்குக் காட்டிப் பத்து நிமிடம் ஆகவில்லை, கடற்படைப் பொடியன்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். துறைமுகப் பக்கத்தில் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் எப்போது எடுக்கலாம்? திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும்.

திங்கட்கிழமை. எல்லோருக்கும் திங்கட்கிழமைதான்.

திரும்பி வரும் வழியில் மெ. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுதாளா தெரியாது. நான் பார்க்கவில்லை, பார்த்தால் நானும் அழுதிருப்பேன். வீடு வந்ததும் முகம் கழுவிவிட்டுத் திரும்பவும் மேலே போனாள். என்ன நெஞ்சு இவளுக்கு.

மார்ச் 8, சனி

இன்றையதை ஒழுங்காக எழுதவேண்டும்.

விடிய எழும்பினால் ஏதோ குறைகிற மாதிரி. என்னவென்று பிடிபடவில்லை. பல் தீட்டும்போதுதான் தெரிந்தது, சத்தம் இல்லை. வெல்டிங் கடை பூட்டு. முன்கடைப் பலகை இருட்டு. எங்கேயும் ஒரு பாட்டு, ஒரு ரீவி, ஒரு மோட்டர் இல்லை.

எட்டரைக்கு நசீர் நானா வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பி. நேற்றுப் பின்னேரம்தான் புல்மோட்டையால் வந்திருக்கிறார், வந்ததும் விசயம் கேள்விப்பட்டிருக்கிறார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க தம்பி. நான் இல்லாத நேரம் இந்தப் பொடியன்மார் பக்கத்து வீட்டுல இப்பிடி ஒரு துக்கத்த வச்சிக்கிட்டு வெல்டிங் அடிச்சிருக்கானுகள். நல்லா ஏசிப்போட்டன். இண்டைக்குக் கட பூட்டு. ஒழுங்கைக்குள்ளயும் சொல்லிட்டன், ஒருத்தரும் சத்தம் போடக்கூடா எண்டு."

துக்கம் இல்லை நானா என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. முற்றத்தில் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தார். பிறகு முன்கடைக்காரர் வந்தார். பூமணி அக்காவின் புருசன். ஆலையிலிருந்து இரண்டு பேர், எங்கேயோ கேள்விப்பட்டு. ஒன்பதரைக்கு என் வீட்டு முற்றத்தில் சரியான செத்தவீடு, பிரேதம் மட்டும் இல்லை. நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிகிறேன். என்ன கொடுமை இது என்று மாமி குசினிக்குள் பல்லைக் கடிக்கிறாள்.

மேலேயிருந்து மெ. "இஞ்ச ஓடி வாங்கோ" என்றாள். கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

ஓடினேன். வீங்கின விரல் படியில் அடிபட்டது கூடத் தெரியவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தாள். இரைச்சல் இல்லை, மணல் சரிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் மட்டும். அதற்குள், அடியில், மிக மெலிதாக,

நீளம். கட்டை. நீளம். நீளம்.

ஓய்வு.

நீளம். கட்டை. நீளம். நீளம்.

மெ. அன்ரனாவை மெல்ல மெல்லத் தெற்கே திருப்பிக்கொண்டு போனாள், ஒரு பிள்ளையைக் கைபிடித்து ரோட்டைக் கடக்க விடுவதுபோல. அவள் முகத்தை அன்றைக்குக் கோயிலில் தாலி கட்டும்போதுகூட இப்படி நான் பார்க்கவில்லை. எழுத எனக்குச் சொல் இல்லை. கும்பிடலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தேய்ந்து, கடற்பக்கம் இறங்கி, போய்விட்டது. கம்பனி சொன்ன நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ கிடந்தது. அவள் சொன்னபடியே முந்தி ஓடுகிறது. லப்டொப்பில் எல்லாம் பதிந்திருக்கிறது. உடனே புது நேரத்தைக் கணக்குப் பார்த்து மற்ற நாட்டுக்காரருக்கு அனுப்பினாள். பிறகு பெட்டைகளுக்குப் போன். அன்று குசினி வாசலில் அழுதவளிடம் "நீர் ஒட்டின இடம் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மற்றப் பக்கத்தில் விக்கி விக்கி அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

கீழே இறங்கினோம். எல்லோரும் கதிரையை விட்டு எழும்பினார்கள்.

"கேட்டுது" என்றாள் மெ. "உயிரோட இருக்கு. நீங்கள் எல்லாத்தையும் நிப்பாட்டினபடியாத்தான் கேட்டுது."

பூமணி அக்கா வாயில் கை வைத்தாள். மாமி குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, மேசையில் நீளம் கட்டை நீளம் நீளம் என்று தட்டி, "இதுதானே?" என்றாள். "ஓம் அம்மா, இதேதான்."

நசீர் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப கடயத் தொறக்கட்டா தங்கச்சி?"

மெ. தயங்கினாள். நேற்று வேண்டாம் என்றவள். "நானா, பின்னேரம் திருப்பி வரும். நாளைக்கும் வரும். திங்கக்கிழமைக்குள்ள இன்னும் ரெண்டு மூண்டு தரமாவது பதிஞ்சு அனுப்பவேணும். உங்களுக்குக் கலியாண வேலை கிடக்கு, எனக்குத் தெரியும். கேக்கக் கூடாதுதான்."

அவர் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். "அத நான் திங்கக்கிழமைக்குப் பொறகு ஓடிப்பிடிப்பன். ஆனா பொடியன்மாருக்கு என்னத்தச் சொல்ற? துக்க வீடு எண்டு சொல்லித்தானே பூட்டின."

"பிள்ளை பிறந்த வீடு எண்டு சொல்லுங்கோ நானா" என்று சிரித்தாள் மெ. "சத்தம் போடக்கூடாது எண்டு சொல்லுங்கோ."

நான் உள்ளே போய்விட்டேன். தண்ணீர் குடிக்க.

மார்ச் 9, ஞாயிறு

லேசான காற்று. பூசைக்குப் போகவில்லை, மாமி மட்டும்.

நேற்றுப் பின்னேரமும் கேட்டது. இன்று காலை மற்ற இரண்டு நாட்டுக்காரருக்கும் கேட்டிருக்கிறது, மெ. கொடுத்த நேரத்துக்கே. தேடுவதை நிறுத்தும் கதை இனி இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல், இந்த முறை 'வருத்தத்துடன்' இல்லை.

பத்து மணிக்கு அமைச்சிலிருந்து ஒருவர் போன். நல்ல மனிதராகத்தான் பேசினார். புது அறிக்கை எழுதவேண்டுமாம், வெற்றி என்று போடுவதா தோல்வி என்று போடுவதா. மெ. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்தாள்.

"பிழையான பாதையில ஓடுது எண்டு போடுங்கோ. ஓடிக்கொண்டே கதைக்குது எண்டும் போடுங்கோ. தாழ ஓடுறபடியால் ஒரு மாசமோ ரெண்டு மாசமோதான் இருக்கும், பிறகு எரிஞ்சுபோகும். அதையும் போடுங்கோ."

"மிஸ், இதெல்லாத்தையும் ஒரே அறிக்கையில போட ஏலாது."

"அப்ப விடுங்கோ" என்று வைத்துவிட்டாள்.

ஒரு மாதமோ இரண்டு மாதமோ. அதை நேற்றே தெரிந்துகொண்டுதான் முற்றத்தில் நின்று அப்படிச் சிரித்திருக்கிறாள். கேட்டேன், கவலை இல்லையா என்று. "இருக்கிற மட்டும் கேப்பம்" என்றாள்.

ஒழுங்கை அமைதி. வெல்டிங் கடை பூட்டு. பூமணி அக்கா கிணற்றில் வாளியால் அள்ளுகிறாள், மோட்டர் போடவில்லை. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்து, மெதுவான குரலில், நித்திரையோ, முழிப்போ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

வியாழக்கிழமைச் சட்டிகள் எல்லாம் இன்னும் இங்கேதான். செத்தவீட்டுச் சட்டியைக் கழுவி வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுப்பது. மெ. எல்லாவற்றையும் துடைத்து மேசையில் வரிசையாக வைத்திருக்கிறாள். வெறுமையாகக் கொடுக்கமாட்டாளாம், பிள்ளை பிறந்த வீடு இனிப்புப் போட்டுத்தான் கொடுக்குமாம்.

கடைக்குப் போகவேண்டும். பின்னேரம் அது வர முன் திரும்பவேண்டும், அன்ரனாவை இந்த முறை நான் பிடிக்கலாம் என்றிருக்கிறாள்.

கற்கண்டு, இரண்டு கிலோ.